எரிந்த நிலத்தில் மரம் நட மானியம்: நாற்று வாங்கும் முன் படியுங்கள்

2019–20 கோடைக் காட்டுத்தீயில் ஆஸ்திரேலியாவில் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மீட்புக்கென மத்திய அரசு 200 கோடி டாலர் அறிவித்தது. பின்னணி இவ்வளவு போதும்.

நியூ சவுத் வேல்ஸில் எனக்குத் தெரிந்த ஒருவர், தீ அணைந்த இரண்டாம் மாதமே கைக்காசில் நாற்று வாங்கி நட்டார். பிறகு ரசீதோடு மானியம் கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் செய்த செலவு செல்லாது என்று ஒரே வரியில் பதில். அந்த விதி, மானிய விதிமுறைத் தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆகவே கையெழுத்தாகும்வரை ஒரு நாற்றுக்கும் பில் போடாதீர்கள்.

இந்த வகை மானியங்கள் பெரும்பாலும் தனி ஆளுக்குக் கிடைப்பதில்லை. பதிவு பெற்ற சங்கமா, ஏபிஎன் (ஆஸ்திரேலிய வணிகப் பதிவு எண்) உண்டா, பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டா என்று கேட்பார்கள். இதற்காகப் புதிதாகச் சங்கம் தொடங்கினால், காகிதம் கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடும். பக்கத்து லேண்ட்கேர் குழுவின் (நிலத்தைப் பேணும் உள்ளூர்த் தன்னார்வக் குழு) பெயரில் விண்ணப்பியுங்கள். வாடகை நிலமா? உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். "போனில் சரி என்றார்" எடுபடாது.

கருகிய யூகலிப்டஸை உடனே வெட்டாதீர்கள். பல இனங்கள் பட்டைக்கு அடியிலிருந்தே துளிர்க்கும். வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரம் வெட்ட அனுமதி தேவையில்லை என்ற நியூ சவுத் வேல்ஸின் 10/50 விதி எல்லா முகவரிக்கும் பொருந்தாது. அந்த மாநிலக் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் இணையதளத்தில், வெட்டும் நாளன்றே முகவரியைப் போட்டுப் பாருங்கள், முடிவை அச்செடுத்து வையுங்கள். விதி பொருந்தும் எல்லைகள் மாறும், கேட்டால் போன மாதம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

நடுவதிலும் வம்பு உண்டு. வீட்டை ஒட்டிய உள் பாதுகாப்பு வளையத்தில், மரங்கள் முழுதாக வளர்ந்த பின்னும் அவற்றின் விதானம் (கிளையும் இலையும் கவியும் பரப்பு) அந்த வளையத்தின் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கிளை கூரைமேல் கவியக் கூடாது. விதானங்களுக்கு நடுவே 2 முதல் 5 மீட்டர் இடைவெளி வேண்டும். மானியப் படிவம் இதைக் கேட்காமல் போகலாம். வீட்டைத் திரும்பக் கட்டும்போது கவுன்சில் கேட்கும். நாற்றுக்குக் குழி தோண்டும் முன் அளவு நாடாவை எடுங்கள்.

உள்ளூர் விதையில் வளர்ந்த நாற்று கேட்டவுடன் கிடைக்காது. நர்சரியில் பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மானியக் கெடுவோ நடுக்கோடையில் வந்து நிற்கும். நீட்டிப்பை மின்னஞ்சலில் கேளுங்கள், கெடுவுக்கு முன்பே. நடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று தேதியோடு படம் எடுங்கள். மானியத்தின் கடைசித் தவணை அந்தப் படத்துக்காகத்தான் நிற்கும்.