சீரியல்: சொல்லும் அதன் தமிழும்

திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா, மாலை விளக்கு வைத்ததும் கூடையை வீட்டு வாசலுக்கு நகர்த்திக்கொள்வார். உள்ளே டிவி ஓடும். கண் திரையில், கை மல்லிகையில். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, வாழைநாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விளம்பரம் வந்தால்தான் முழம் அளப்பார். "சீரியல் முடியட்டும் தம்பி, தர்றேன்" என்பார். அவருடைய மாமியாருக்கு அது "நாடகம்". காலேஜில் படிக்கும் மகளோ "இன்னிக்கு எபிசோடு பார்த்தியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். ஒரே வீட்டில் ஒரே பொருளுக்கு மூன்று சொல். பேச்சில் மூன்றும் இருக்கட்டும். எழுதும்போது எதை எழுதுவது என்பதுதான் கேள்வி.

முதலில் சீரியல். இது நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'செரேரே' என்றால் கோத்தல், இணைத்தல். அதிலிருந்து வந்த 'செரீஸ்', ஒன்றோடொன்று கோத்த வரிசை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நாவல்களைப் பகுதி பகுதியாக அச்சிட்டு விற்கும் வழக்கம் பெருகியபோது, அப்படி வந்த கதைக்குச் சீரியல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அது சினிமாவுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. 1930களில் அமெரிக்க வானொலியின் பகல்நேரக் குடும்பக் கதைகளுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்து வந்ததால் அவற்றுக்கு 'சோப் ஓப்ரா' என்று தனிப்பெயர் உண்டு. அந்தப் பெயர் தமிழ்நாட்டில் வேர்பிடிக்கவில்லை.

சீரியல் என்பதைச் சீர், இயல் என்று பிரித்துப் பார்க்க நமக்கு ஆசை வரும். ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதில் உறவு எதுவும் கிடையாது. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலும் வேறு சொல்தான். ரோமானியரின் தானியத் தெய்வமான செரெஸின் பெயரிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல விழுகின்றன.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம்: தொடர். 'தொடு' என்ற வேரை ஒட்டிய சொல் இது. தொடுதல், தொடுத்தல், தொடர்தல், தொடர்பு எல்லாம் ஒரே குடும்பம். தொடர் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பழைய பொருள்களில் ஒன்று சங்கிலி. புறநானூறு 74ஆம் பாட்டில், சிறைப்பட்டுக் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தன் நிலையை 'தொடர்ப்படு ஞமலி'யோடு ஒப்பிடுகிறான். சங்கிலியில் கட்டப்பட்ட நாய் என்று பொருள். கண்ணியில் கண்ணி மாட்டிய இரும்புச் சங்கிலிதான் அங்கே தொடர்.

தொல்காப்பியம் இரண்டு எழுத்துக்கு மேற்பட்டு ஒலிக்கும் சொல்லைத் தொடர்மொழி என்கிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனித்து நிற்கும் பாட்டு முத்தகம். பாட்டோடு பாட்டு பொருளால் இணைந்து ஒரு கதையைக் கொண்டுபோவது பொருள் தொடர்நிலை. பெருங்காப்பியங்கள் இந்த வகையில்தான் வருகின்றன. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அதை 'இயல் இசை நாடகப் பொருள் தொடர்நிலைச் செய்யுள்' என்கிறார். இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நாடகம் என்ற சொல்லும் தொடர் என்ற சொல்லும் ஒரே பெயருக்குள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. பேசப்படும் பொருளோ கல்யாணத்தில் தொடங்கும் ஒரு குடும்பக் கதை: கணவன், மனைவி, இன்னொருத்தி, கைவிட்டுப்போன சொத்து, ஒரு ஜோடிச் சிலம்பு. அது 30 காதைகளாக, அதாவது 30 பகுதிகளாக நடக்கிறது. டிவி நாடகத்தைத் தொடர் என்று சொல்ல நாம் புதிதாக எதையும் உருவாக்கவே வேண்டாம். பெயர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

அச்சு வந்த பிறகும் இந்தச் சொல்தான் கைகொடுத்தது. கமலாம்பாள் சரித்திரம் என்ற நாவல் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் பகுதி பகுதியாக வந்தது. பின்னால் வாரப் பத்திரிகைகளின் காலத்தில் 'தொடர்கதை' எல்லார் வாயிலும் புழங்கியது. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் சென்னையில் எத்தனையோ. இந்தச் சொல்லின் இலக்கணம் அழகானது. தொடர்ந்த கதை, தொடர்கின்ற கதை, தொடரும் கதை என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. அதனால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தொடர்கதை என்றே எழுத வேண்டும், தொடர்க்கதை தவறு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷனில் வாரம் ஒரு நாள், 13 வாரம் என்று கணக்காக ஓடிய கதைகளுக்குத் தொடர் என்ற பெயர் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. 1993இல் சன் டிவி வந்தது, தனியார் சேனல்கள் பெருகின. 1990களின் முடிவில் கதைகள் வாரத்துக்கு ஐந்து நாள், வருடக்கணக்கில் என்று நீண்டன. 1999இல் தொடங்கிய சித்தி 2001 வரை ஓடியது. 2003இல் தொடங்கிய கோலங்கள் 2009இல்தான் முடிந்தது, 1,500 பகுதிகளுக்கு மேல். 2014இல் தொடங்கிய சந்திரலேகா எட்டு ஆண்டுகள் ஓடி 2,000 பகுதிகளைத் தாண்டியது. இதைத்தான் 'மெகா சீரியல்' என்றார்கள். மெகா கிரேக்கச் சொல், பெரிய என்று பொருள்.

அப்படியானால் பெருந்தொடர் என்று சொல்லலாமே? சொல்லலாம், ஆனால் எனக்கு அது பொருந்தவில்லை. இந்தக் கதைகள் நடப்பது ஒரு ஹாலிலும் ஒரு சமையலறையிலும் ஒரு மாடிப்படியிலும்தான். பெரிதாக இருப்பது காலம். காலத்தின் நீளத்துக்குத் தமிழில் நெடுமை என்று சொல் இருக்கிறது: நெடுநாள், நெடுங்காலம், நெடுங்கதை. அதனால் நெடுந்தொடர்தான் சரி. நெடும், தொடர் இரண்டும் சேரும்போது மகரம் தகரத்துக்கு இனமான நகரமாகத் திரியும். நெடும்தொடர் என்று எழுதக் கூடாது. வாரக்கணக்கில் முடிந்துவிடுவதற்குக் குறுந்தொடர். இரண்டையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல, தொலைக்காட்சித் தொடர். த் அங்கே விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். குடும்பத் தொடரிலும் அப்படியே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர் என்று மட்டும் சொன்னால் கிரிக்கெட் தொடரா, சட்டமன்றக் கூட்டத்தொடரா, மலைத்தொடரா என்று தயங்க இடமுண்டு. எழுத்தில் முதல் இடத்தில் தொலைக்காட்சித் தொடர் என்று முழுதாக எழுதிவிட்டால், அப்புறம் தொடர் என்று சுருக்கிக்கொள்ளலாம். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போனார் என்று கதையில் யாராவது பேசினால், அந்தப் பேச்சைத் திருத்த வேண்டாம். பேசுகிறவர் அப்படித்தான் பேசுவார்.

அந்த மாமியார் சொல்லும் நாடகமும் பிழை இல்லை. வேஷம் போட்டு நடித்துக் காட்டுவது நாடகம்தானே. மேடைக்கும் அதே பெயர் என்பதால் எழுத்தில் குழப்பம் வரலாம், அவ்வளவுதான்.

கூட வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். எபிசோடுக்குப் பகுதி போதும். அத்தியாயம் புத்தக வாசனை அடிக்கும். காதை எனக்கு மிகப் பிடித்த சொல், ஆனால் இன்றைக்கு யாருக்கும் விளங்காது. ப்ரொமோ என்பது முன்னோட்டம். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஷூட்டிங் நடக்கும் வீடுகளில் 'அந்த ட்ராக்கை முடிச்சிட்டாங்க' என்று பேசிக்கொள்வார்களே, அந்த ட்ராக்குக்குக் கிளைக்கதை என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. நடிகர் மாறும்போது திரையில் போடும் 'இவருக்குப் பதில் இவர்' என்ற வரியை நான் மனசாரப் பாராட்டுகிறேன். எந்தச் சொல்லாக்கக் குழுவும் உட்கார்ந்து யோசிக்காமல், நாலு வயசுப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில், தேவை வந்த இடத்திலேயே பிறந்த வரி.

இன்னொன்று. லத்தீனில் செரீஸ் பிறந்த அதே வேரிலிருந்து 'செர்தா' என்றொரு சொல்லும் வந்திருக்கிறது. பூமாலைகள் என்று பொருள். நம் தொடுத்தலிலிருந்து வந்த 'தொடை'க்கும் மாலை என்ற பொருள் உண்டு. யாப்பில் எதுகை, மோனையைத் தொடை என்பதும் இதனால்தான். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள். இரண்டிலும் கதையை அடுத்தடுத்துச் சொல்வதற்கான பெயர் பூத் தொடுக்கும் வேலைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது.

போன வாரம் பூ வாங்கப் போனபோது அந்த அக்காவிடம், "தொடர் முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டேன். நாரைப் பல்லில் கடித்தபடியே நிமிர்ந்து, "எந்தத் தொடரு, ஏழரைக்கு வருதே அதுவா தம்பி?" என்றார். அப்புறம் விளம்பரம் வந்தது. இரண்டு முழம் அளந்து கொடுத்தார்.