அப்பாவின் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா? ரசீதில் கவனமாக இருங்கள்

உரிமதாரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கி உரிமம் மகனுக்கோ மனைவிக்கோ தானாக வந்து சேராது. உரிமப் புத்தகத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறதே என்று பலர் துப்பாக்கியைப் பரணிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் பார்வையில் அது உரிமமில்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 2 ஆண்டு சிறை. 5 ஆண்டு வரை போகலாம்.

சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அலைச்சல் இங்கேதான் ஆரம்பம். "கலெக்டர் ஆபீஸில் கடிதம் வாங்கி வாருங்கள்" என்பார்கள் நிலையத்தில். கலெக்டர் அலுவலகத்திலோ "ஒப்படைத்த ரசீது எங்கே?" என்பார்கள். நடுவில் நிற்பது துக்கம் ஆறாத குடும்பம். ஒப்படைக்கக் கடிதம் வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. வாங்க மறுத்தால் அன்றே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் எழுதிப் போடுங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறாதீர்கள்.

ரசீதைப் படிக்காமல் வீடு திரும்பக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்குக் கொடுத்த தாளில் "துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தது. இரட்டைக்குழலா ஒற்றைக்குழலா, எண் என்ன, தோட்டா எத்தனை, எதுவும் இல்லை. பிறகு அவர் கேட்கப் போனபோது, எந்தத் துப்பாக்கி என்று அவரையே நிரூபிக்கச் சொன்னார்கள். வகை, தயாரிப்பு, எண், தோட்டாக் கணக்கு, தேதி, முத்திரை ஆகிய அத்தனையும் ரசீதில் இருக்க வேண்டும். கொடுக்கும் முன் எண் தெரியும்படி படமும் எடுத்துவையுங்கள்.

துப்பாக்கி வேண்டுமென்றால் வாரிசு தன் பெயரில் புது உரிமம் கேட்க வேண்டும். விண்ணப்பம் கலெக்டரிடம்; சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதமும் கேட்பார்கள். வெளியூர்த் தங்கை ஒருத்தி கையெழுத்துப் போடாததால் தேங்கும் கோப்புகள் ஏராளம். அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள். இன்னொரு பொறி: ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. குடும்பச் சொத்து என்றாலும் விலக்கு இல்லை.

போலீஸ் அறிக்கை வரவில்லை என்றே மாதக்கணக்கில் இழுப்பார்கள். கெடுவுக்குள் அறிக்கை வராவிட்டால் காத்திருக்காமலே முடிவெடுக்கலாம் என்று 13ஆம் பிரிவு அதிகாரிக்கு இடம் தருகிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுப்பதானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள், எழுத்தில் காரணம் இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போவது கஷ்டம்.

ஒப்படைத்ததை அப்படியே மறந்துவிடுவதும் ஆபத்து. குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால் அரசு பறிமுதல் செய்துகொள்ளும். அதற்கு முன் வரும் நோட்டீஸுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். அது பெரும்பாலும் இறந்தவரின் பழைய முகவரிக்கே போகும் என்பதால், ஒப்படைக்கும்போதே உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி வேண்டாம் என்பவர்கள் இந்தக் கெடுவுக்குள்ளேயே உரிமம் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ விற்றுவிடலாம்.

தந்தை உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு இப்போதே விண்ணப்பிக்கலாம்.