மேல்மாடியில் உருளும் கோலிக்குண்டு

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊர் அடங்கிய பிறகு தலைக்கு மேலே யாரோ கோலிக்குண்டைப் போட்டு உருட்டுவதுபோன்ற சத்தத்தைப் பலரும் கேட்டிருப்பார்கள். மேல் வீட்டுப் பிள்ளையின் வேலை என்று கோபத்தோடு படியேறிப் போய்க் கதவைத் தட்டினால், அந்த வீட்டில் பிள்ளையே இருக்காது. “எங்களுக்கும் மேலேயிருந்துதான் கேட்கிறது” என்பார்கள்.

கான்கிரீட்டின் குணம் அப்படி. நாம் பேசும் பேச்சு காற்றின் வழியே போகிறது; கனமான சுவர் அதைப் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் அதே கான்கிரீட்டின் மீது நேராக விழும் அடி, தரை, தூண், சுவர் என்று கட்டடத்தின் எலும்புக்கூடு வழியாகவே பயணம் செய்யும். வழியில் அது அதிகம் தேய்வதுமில்லை. இரண்டு மாடி தள்ளி நகர்த்தப்பட்ட நாற்காலியும், பக்கத்து வீட்டில் இடிக்கப்பட்ட உரலும், குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது எழும் அதிர்ச்சியும் நம் வீட்டுக் கூரையை அதிரவைக்கலாம். கூரை முழுவதும் சேர்ந்து அதிர்வதால் சத்தம் எங்கே பிறந்தது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. மனம் மட்டும் தாமதிக்காமல் ஒரு குற்றவாளியை முடிவு செய்துவிடுகிறது.

அண்டை வீட்டுச் சண்டையின் அறிவியல் இந்தக் கூரையிலிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் ஒரு சோதனை செய்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத உரத்த இரைச்சலைச் சிலருக்குக் கேட்கவைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் கையில் மட்டும் ஒரு பொத்தான். “தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது” என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. இரு சாராரும் கேட்டது ஒரே இரைச்சல். ஆனால் பின்னர் தந்த வேலைகளில் பொத்தான் வைத்திருந்தவர்கள் குறைவாகத் தவறு செய்தார்கள், கடினமான புதிர்களோடு அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள். இரைச்சலின் அளவைவிட, அதை நிறுத்த நமக்கு ஒரு வழியுண்டு என்ற எண்ணமே மனத்தின் சோர்வைத் தீர்மானித்தது.

மேல் வீட்டுக்காரரின் பெயரும் முகமும் தெரிந்திருப்பது அப்படியொரு பொத்தான். “அண்ணே, பாப்பா தூங்குது, கொஞ்சம் மெதுவா” என்று சொல்ல முடியும் என்றாலே பாதி எரிச்சல் இறங்கிவிடும். ஆகவே வீட்டு உரிமையாளராக இருக்கும் ஒரு பொது அமைப்பு, சண்டை வந்த பிறகு என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன், சண்டை வருவதற்கு முன்பே இவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் ஆவது எப்படி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இதை உலகில் மிகப் பெரிய அளவில் செய்துபார்த்த அமைப்புகளில் ஒன்று சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக.

1960 பிப்ரவரி 1ஆம் தேதி அது தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பிடித்த தீ, ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. அந்த நெருக்கடியில் வேகமெடுத்த வேலை நிற்கவே இல்லை. இன்று சிங்கப்பூரில் வசிப்போரில் பத்துக்கு எட்டுப் பேர் அளவுக்கு வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஏழைகளுக்கு வாடகை வீடுகளும் உண்டு. மற்றவர்கள் “வாங்கிய” வீடும் உண்மையில் 99 ஆண்டுக் குத்தகைதான், நிலம் கைமாறுவதில்லை. ஆக, யார் எங்கே குடியேறலாம், மின்தூக்கி எந்த மாடியில் நிற்கும், தாழ்வாரம் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருந்தது.

தாழ்வாரத்தின் நீளத்துக்கும் ஒற்றுமைக்கும் என்ன தொடர்பு? 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மணமான மாணவர்களுக்கான வெஸ்ட்கேட் குடியிருப்பில், உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய தோழர்களும் யாருக்கு யார் நண்பர் என்று கணக்கெடுத்தார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பராகச் சொல்லும் வாய்ப்பு 41 விழுக்காடு. ஒரு வீடு இடையில் வந்தாலே அது 22 ஆகச் சரிந்தது. மாடியின் இரு முனைகளில் இருந்தவர்களுக்கு வெறும் 10. இத்தனைக்கும் ஒரு மாடியில் இருந்தவை ஐந்தே வீடுகள். மாடிப்படியின் அடியில் இருந்த கீழ் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மேல்மாடியில் நண்பர்கள் அதிகம். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நட்புக்குக் குணப்பொருத்தம் காரணம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, தினமும் யார் கண்ணில் படுகிறார் என்பது அவ்வளவு வேலையைச் செய்துவிடுகிறது.

பழைய வீவக கட்டடங்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரே நீளமான பொதுத் தாழ்வாரம். அன்று மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கவில்லை. சில மாடிகளில் மட்டும் நின்றது. இறங்கி, பத்துப் பதினைந்து வாசல்களைத் தாண்டி, படியேறி வீடு சேர வேண்டியிருந்தது. செலவைக் குறைக்கச் செய்ததுதான் இது. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வாசல்களிலும் செருப்பு, துளசிச் செடி, சாமி விளக்கு, ஊதுவத்திப் புகை, அரபு எழுத்துப் பலகை என்று ஒவ்வொரு வீட்டின் வாழ்க்கையும் வெளியே தெரிந்தது.

1970களிலிருந்து தரைத்தளத்தில் வீடு கட்டாமல் தூண்களோடு காலியாக விட்டார்கள். வாய்ட் டெக் என்று எல்லா இனத்தவரும் அதே பெயரில் அழைக்கும் அந்த இடத்தில் இந்த வாரம் மலாய்க் குடும்பத்துத் திருமணம் நடக்கும். அடுத்த வாரம் அங்கேயே சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. நகர மன்றத்தில் அனுமதி வாங்கிவிட்டு யாரும் பயன்படுத்தலாம். பக்கத்து இனத்தின் கல்யாணத்தையும் சாவையும் அழைப்பு இல்லாமலே, மின்தூக்கிக்குப் போகிற வழியில் பார்த்துப் பழகுவது எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வி.

ஆனால் தாழ்வாரத்தில் எல்லாரும் ஒரே இனமாக இருந்தால் இந்தக் கல்வி நடக்காது. தானாக விட்டால் அப்படித்தான் ஆகும் என்பதைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் ஒரு கட்டப் பலகையில் இரு நிறக் காசுகளை வைத்தே காட்டினார். “என் அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒருவராவது என்னைப் போன்றவராக இருந்தால் போதும்” என்று ஒவ்வொரு காசும் நினைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெறுப்பு என்று சொல்ல இதில் எதுவுமில்லை. திருப்தியில்லாத காசுகளை மட்டும் இடம் மாற்றிக்கொண்டே போனால், சில சுற்றுகளில் பலகை இரு நிறத் திட்டுகளாகப் பிரிந்துவிடும். ஒருவர் நகர்வது அடுத்தவரின் அக்கம்பக்கத்தை மாற்றுகிறது; அவரும் நகர்கிறார்.

1980களில் சிங்கப்பூரில் காசுகள் நகர ஆரம்பித்திருந்தன. பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங் பக்கம் சீனர்களும் சேரத் தொடங்கினார்கள். 1964இல் இரண்டு முறை வெடித்த இனக் கலவரங்களின் நினைவு ஆறாத நாடு அது. அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர், தமிழரான எஸ். தனபாலன், 1989இல் இந்தப் போக்கைப் பொதுவில் எடுத்துவைத்தார். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இன்றைய உச்சவரம்பு, ஒரு கட்டடத்தில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 விழுக்காடு. சுற்றுவட்டாரத்துக்கு இதைவிடச் சற்றுக் குறைவு. இந்தியருக்கான வரம்பு 2010இல்தான் 13இலிருந்து 15 ஆக உயர்ந்தது.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். சீனர் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் ஒரு சீனர் தன் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம், விகிதம் மாறாது. அதே கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சுருங்கினால் விலையும் இறங்கும். எல்லாருக்கும் பயன்படுகிற ஒற்றுமைக்கான செலவு, சிறுபான்மைக் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து கூடுதலாகப் போகிறது. பாதிக்கப்பட்டவர்களில் சிலரின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. முப்பத்து மூன்று ஆண்டு என்பது மிக நீண்ட காத்திருப்பு என்பேன்.

கலந்து குடியமர்த்தினால் மனம் மாறுமா? அமெரிக்காவில் மார்ட்டன் டாய்ச்சும் மேரி எவன்ஸ் காலின்ஸும் 1951இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. நியூயார்க்கில் சில அரசுக் குடியிருப்புகளில் கறுப்பின, வெள்ளைக் குடும்பங்களை நிறம் பாராமல் அடுத்தடுத்து அமர்த்தினார்கள். அருகிலுள்ள நூவர்க் நகரில் ஒரே குடியிருப்பில் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்தார்கள். கலந்திருந்த இடங்களில் வெள்ளைப் பெண்கள் கறுப்பின அண்டை வீட்டாரோடு பேசிப் பழகுவதும், குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பல மடங்கு அதிகம். கறுப்பினத்தவர் மீதான பார்வையும் மாறியிருந்தது. நூவர்க் நிர்வாகம் அதன் பிறகு தன் பிரிவினை முறையைக் கைவிட்டது. ஆனால் அருகில் வைத்தால் மட்டும் போதாது என்று 1954இலேயே அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எச்சரித்தார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கத்துக்குச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருக்கும் நிர்வாகம் அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். 1978இல் சிங்கப்பூரில் தொடங்கிய வசிப்போர் குழுக்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மின்தூக்கி பழுதானால் எல்லா இனத்துக்கும் பழுதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சண்டை வரும். 1998 முதல் அங்கே சமூக சமரச நிலையம் இயங்குகிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்தான் நடுவர். அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். முதலில் ஒருவர் குறுக்கீடில்லாமல் முழுவதையும் சொல்வார், பிறகு மற்றவர். கேட்டதை நடுவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்வார். தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியே சந்திப்பார். கடைசியில் “சத்தம் போடமாட்டேன்” என்று எழுதினால் அது உடைந்துவிடும். “இரவு பத்தரைக்கு மேல் அம்மி, உரல் வேண்டாம்” என்று எழுதினால் நிற்கும். இங்கும் கிளாஸ், சிங்கரின் பொத்தான்தான் வேலை செய்கிறது: சத்தம் எப்போது நிற்கும் என்று இப்போது தெரியும், நிறுத்தச் சொல்ல ஆளும் தெரியும். நேரில் உட்கார வந்துவிட்டவர்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் உடன்பாட்டுக்கு வருகிறார்கள்.

2011இல் வெளியே தெரியவந்த ஒரு வழக்கு நம் எல்லாருக்கும் நெருக்கமானது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டின் கறிக்குழம்பு வாசனை தாங்கவில்லை. பேச்சின் முடிவில், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, எங்கள் குழம்பை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டது. இரு தரப்பும் தாமே கண்ட வழிதான். ஆனால் செய்தி படித்த ஊர் பொங்கிவிட்டது. ஆகஸ்ட் 21ஆம் தேதியை எல்லாரும் குழம்பு வைக்கும் நாளாக அறிவித்தார்கள். பல இனத்தவரும் சேர்ந்தார்கள். இருவருக்குள் நியாயமாகப் படும் உடன்பாடு, வெளியே நிற்கும் ஒரு சமூகத்துக்கு அவமானமாகப் படலாம். வீட்டு நிர்வாகம் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். எது விட்டுக்கொடுக்கக்கூடிய பழக்கம், எது அந்த மண்ணின் பொது வாழ்க்கை என்ற கேள்வியைச் சமரச அறையில் இரண்டு குடும்பங்களின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

சமரசத்தின் பெரிய ஓட்டை, மறுதரப்பு வராமலே இருந்துவிடலாம் என்பது. 2015இல் அண்டை வீட்டாருக்கான தனி நடுவர் மன்றம் வந்தது. அது இழப்பீடும் விதிக்கலாம், மிக மோசமான நிலையில் ஒருவரை வீட்டைவிட்டே விலக்கியும் வைக்கலாம். ஆனால் மன்றத்துக்குப் போவதற்குள் உறவு முறிந்திருக்கும். 2024இல் சட்டத்தைத் திருத்தி, சமரசத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று அதிகாரிகள் ஆணையிட வழி செய்தார்கள். 2025இல் தெம்பனிஸில் இதற்கென ஒரு குழு சோதனை முறையில் பணியைத் தொடங்கியது. கடுமையான இரைச்சல் வழக்குகளில் அவர்கள் வீட்டுக்குள் ஒலி உணரிகளைப் பொருத்தலாம். அதே தெம்பனிஸ், அதே கான்கிரீட். இரவு ஒரு மணிக்குக் கூரையில் உருளும் கோலிக்குண்டு மேல் வீட்டிலிருந்து வரவில்லை என்று கருவி காட்டினால், அதைச் சொல்ல ஒருவர் இரண்டு வீட்டு வாசலிலும் போய் நின்று அழைப்புமணியை அழுத்தியாக வேண்டும்.