ப்ரொஃபஷனல் ஆர்மி தானா ஒதுங்கிடாது, தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க

டிஃபென்ஸ் ஸ்டடீஸ் சொல்லிக்குடுக்குறது என் வேலை. இந்த வாரம் திருத்தின பேப்பர்ல மூணுல ஒரே வரி: "ராணுவம் ப்ரொஃபஷனலா மாறினா அரசியல்ல இருந்து தானா விலகிடும்." தானா எதுவும் நடக்காதுங்க, எத்தனை தடவை சொல்றது.

பிரேசிலைப் பாருங்க. 1949ல உயர் போர்க் கல்லூரி ஆரம்பிச்சு, அதிகாரிங்களுக்கு யுத்தத்தோட பொருளாதாரம், நாட்டு வளர்ச்சி, உள்நாட்டுப் பாதுகாப்புன்னு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தாங்க, படிச்சு வந்தவங்கள்ல பல பேருக்கு இந்த அரசியல்வாதிங்களைவிட நாமளே நாட்டை நல்லா நடத்துவோம்னு தோணிப்போச்சு, 1964ல ஆட்சியைப் பிடிச்சவங்க 1985 வரைக்கும் விடல. அது படிக்காத பட்டாளம் இல்ல, நல்லாப் படிச்ச பட்டாளம். முதல் உலகப்போர்ல ஜெர்மனிக்கும் இதே கதைதான், ராணுவத் தளபதிங்க ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் 1917ல ஆட்சித் தலைவரான சான்ஸலரையே வெளிய போக வெச்சாங்க.

அதுக்காக பயிற்சியே வேணாம்னு நான் சொல்லல. ராணுவ அதிகாரிங்க தொழில் கத்துக்கும்போது அரசியல் தலைவர்களும் தங்க பக்கத்து வேலையைக் கத்துக்கணும், பட்ஜெட், ப்ரமோஷன், எங்க சண்டை போடணும் எங்க கூடாதுங்கிறது. அதைக் கத்துக்காம, தளபதி பதவிக்கு "நம்ம ஆளு"ன்னு ஒருத்தரைத் தேடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோபம் வருது. பாகிஸ்தான்ல 1976ல பிரதமர் புட்டோ பல சீனியர்களைத் தாண்டி ஜெனரல் ஜியாவை ராணுவத் தளபதி ஆக்கினார். மறுவருஷமே ஜியா அவர் ஆட்சியைக் கவிழ்த்தார், 1979ல புட்டோவைத் தூக்குல போட்டாங்க.

இதுக்கு நேர்மாறா அமெரிக்காவைப் பாருங்க. 1951 ஏப்ரல்ல, கொரியப் போர்ல தன் கொள்கையை வெளிப்படையா எதிர்த்த தளபதி மக்ஆர்தரை அதிபர் ட்ரூமன் நீக்கினப்போ ஜனங்க பெரும்பாலும் மக்ஆர்தர் பக்கம்தான். ஆனா முப்படைத் தளபதிங்க ட்ரூமன் கூட நின்னாங்க, கட்டளைக்குக் கட்டுப்படுறதும் தன் தொழில்ல ஒரு பகுதின்னு அவங்க நினைச்சதால.

நம்ம கிளாஸ்ல ஒரு பயிற்சி உண்டு, ஒருத்தர் ஜெனரலா வந்து ஆயுதம் கேப்பார், மத்தவங்க நாடாளுமன்றக் குழு. போன வாரம் நாலு ஸ்லைடு ஓடினதும் மொத்தக் குழுவும் தலையாட்டி கையெழுத்துப் போட்டுட்டாங்க. எதுக்கு இது, இருபது வருஷப் பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும், இதைவிட்டா வேற வழி இருக்கான்னு ஒருத்தர் வாயைத் திறக்கல. ஏம்மா கேக்கலன்னா, "அவங்களுக்குத்தானே சார் தெரியும், நாம எப்படி கேக்குறது"ங்குது ஒரு பொண்ணு. நீ கேக்கலாம்மா, கேக்கத்தான் உன்னை அங்க உக்கார வெச்சிருக்கு.

அடுத்த வாரம் மறுபடி அதே பயிற்சி வெக்கிறேன். முந்தின நாளே பேப்பரைப் படிச்சுட்டு, ஆளுக்கு ரெண்டு கேள்வியாவது எழுதிட்டு வாங்க.