கொக்கியில் இரண்டு சுற்று

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஓசூருக்கு வீடு மாற்றிய வாசகர் ஒருவர் இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார். சாமான் ஏற்ற வந்தவர்கள் பீரோவை முதல் வேலையாக ஏற்றி கேபினை ஒட்டி நிறுத்திவிட்டார்களாம், கனமான சாமானைப் பின்னால் வைத்தால் இறக்குவது சுலபமாயிற்றே, ஏன் அப்படி என்பது முதல் கேள்வி. எனக்குப் பிடித்தது இரண்டாவது. கூட்டத்திலேயே ஒல்லியான பையன், இழுத்துக் கட்டிய கயிற்றை வண்டியின் பக்கக் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போன் பேசிக்கொண்டிருந்தானாம். கயிறு அசையவே இல்லை, அது எப்படி?

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் கனம் போனால் நெம்புகோல் கணக்கில் முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும், குட்டியானை வண்டிகளில் இது கண்ணுக்கே தெரியும். அதனால் கனமானது முன்னால், கீழே, இடமும் வலமும் சமமாக. இது பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் கேபின் சுவரை ஒட்டி வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. திடீர் பிரேக் போட்டால் சாமான் முன்னால் பாயப் பார்க்கும். ஐரோப்பாவில் சரக்கு கட்டுவதற்கு வைத்திருக்கும் இ.என். 12195 என்ற தரவிதி, சாமானின் எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கி வந்தாலும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு. 100 கிலோ பீரோ என்றால் முன்னால் 80 கிலோ தள்ளு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கால், இரும்புத் தளம், நடுவில் கொஞ்சம் மண்ணும் தூசியும் இருந்தால் உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் எடையில் எத்தனை பங்கை உராய்வு தாங்கும் என்ற எண், 0.2 பக்கம்தான் வரும், அதாவது உராய்வு தாங்குவது வெறும் 20 கிலோ. மீதி 60 கிலோவை யார் தாங்குவது? பீரோ ஒட்டி நின்றால் கேபின் சுவர் தாங்கும், கயிறு கவலைப்பட வேண்டியதில்லை. கனமான சாமான் தானே அசையாமல் நின்றுகொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். எடை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்கு, தள்ளும் விசையும் இரண்டு மடங்கு. கெழு ஒன்றாக இருந்தால் பீரோவும் காலி பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரே பிரேக்கில்தான் நகர ஆரம்பிக்கும்.

இப்போது கயிற்றுக்கு வருவோம். சாமானுக்கு மேலாகப் போட்டுக் கட்டும் கயிறு சாமானைப் பிடித்து நிறுத்துவதில்லை, கீழே அழுத்துகிறது, அவ்வளவுதான். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், உராய்வுதான் நிறுத்துகிறது. மேலே சொன்ன பீரோ சுவரை ஒட்டாமல் நடுவில் நின்றால் அந்த 60 கிலோவைச் சமாளிக்க, கெழு 0.2 என்பதால், கயிறு 300 கிலோ அழுத்த வேண்டும். சும்மா கையால் இழுத்துக் கட்டினால் அவ்வளவு வராது. அதே பீரோவின் காலடியில் பழைய டயர் ரப்பர் துண்டு நாலு வைத்துப் பாருங்கள். கெழு 0.6 ஆகிவிட்டால் உராய்வு மட்டுமே 60 கிலோ தாங்கும், கயிறு சுமார் 33 கிலோ அழுத்தினால் போதும். காசில்லாத டயர் துண்டு கயிற்றின் வேலையை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது, ஆனாலும் பத்து வண்டி பார்த்தால் ஒன்றிலாவது அதைப் பார்ப்பது அபூர்வம். கயிறு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதும் முக்கியம், தளத்திலிருந்து 30 டிகிரியில் சரிந்து போனால் இழுப்பில் பாதிதான் அழுத்தமாக மாறும்.

சரி, அந்தப் பையன். கொக்கியில் வளைந்து கிடக்கும் கயிற்றில் ஒரு நெல்மணி நீளத்தை மட்டும் கவனியுங்கள். அதன் இரு முனையிலும் இழுப்பு இருக்கிறது, கயிறு வளைந்திருப்பதால் அந்த இரண்டு இழுப்பும் சேர்ந்து அந்தத் துண்டைக் கொக்கியின் மேல் அழுத்துகின்றன. அழுத்தம் இருந்தால் உராய்வு இருக்கும். இழுப்பு அதிகமான இடத்தில் அழுத்தமும் அதிகம், உராய்வும் அதிகம். ஆக ஒவ்வொரு துண்டும் தனக்கு வந்த இழுப்பில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த துண்டுக்கு அனுப்புகிறது. கவனிக்க வேண்டியது இந்த விகிதம் என்ற சொல்லைத்தான். இது வட்டிக்கு வட்டி போடும் கணக்கு. பையனின் கையிலிருந்து பார்த்தால் முதல் சிறிய இழுப்பு, சுற்றுக்குச் சுற்று, கந்துவட்டிக் கடன் மாதிரி பெருகிக்கொண்டே போகிறது.

கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவே கெழு 0.3 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு. இரண்டு சுற்று என்றால் 13 இல்லை, 6.6ஐ 6.6ஆல் பெருக்க வேண்டும், 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 285. பீரோவின் பக்கம் கயிற்றில் 200 கிலோ இழுப்பு இருந்தாலும் இரண்டு சுற்றுக்கு அப்பால் பையனின் கைக்கு வருவது ஐந்து கிலோகூட இல்லை. போனும் பேசலாம், டீயும் குடிக்கலாம்.

இதில் என்னை இன்றைக்கும் ஆச்சரியப்படுத்துவது, கொக்கி எவ்வளவு தடிமன் என்பது கணக்கிலேயே வராது என்பது. விரல் தடிமன் கம்பியானாலும் தொடை தடிமன் தூணானாலும் அதே 43தான். பெரிய தூணில் கயிறு அதிக நீளத்துக்கு ஒட்டுகிறது, ஆனால் ஒவ்வொரு அங்குலத்திலும் அழுத்தம் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது, இரண்டும் கழிந்துபோகின்றன. மிஞ்சுவது கெழுவும் சுற்றிய கோணமும் மட்டும், அதுவும் இரண்டின் பெருக்கல். அதனால்தான் 0.3 தரும் சொரசொரப்பான கயிறு இரண்டு சுற்றில் செய்வதை, 0.2 தரும் வழுக்கல் நைலான் கயிறு சரியாக மூன்று சுற்றில் செய்கிறது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர், ஜெர்மன் பொறியாளர் ஐட்டல்வைன் இருவர் பெயரையும் சேர்த்து இந்தச் சமன்பாட்டைச் சொல்கிறார்கள். லோடுமேன்கள் பெயர் தெரியாமலே அதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த 200 கிலோ இழுப்பு முதலில் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். ஒருவன் நுனியைப் பிடிக்க, இன்னொருவன் இறுகிய கயிற்றின் நடுவைப் பிடித்து வெளிப்பக்கம் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு இருபக்கமும் 5 டிகிரி மட்டும் வளையும்படி 20 கிலோ விசையில் இழுத்தால் கயிற்றின் நீளவாக்கில் 115 கிலோ இழுப்பு உண்டாகிறது. அவன் விட்டதும் கிடைக்கும் துளித் தொய்வைப் பிடித்திருப்பவன் "விடு... ம்ம், இன்னொரு தரம்" என்று கொக்கியைச் சுற்றி உருவிக்கொள்வான். நாலு தரம் செய்தால் கயிறு தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுகிவிடும்.

ஆனால் இதே உராய்வு நமக்கு எதிராகவும் வேலை செய்கிறது, வாசகரின் வண்டியில் நடந்திருக்கக்கூடியதும் இதுதான். பீரோவின் மேல் விளிம்பும் கயிற்றுக்கு ஒரு கொக்கி மாதிரிதான். இரண்டு மூலை, ஒவ்வொன்றிலும் கால் சுற்று, சேர்ந்து அரைச் சுற்று, அதற்கு 2.6 மடங்கு. இந்தப் பக்கம் நின்று 100 கிலோவுக்கு இழுத்தால் அந்தப் பக்கம் 39 கிலோதான் போய்ச் சேரும். பார்க்க இறுக்கமாக இருக்கும், மறுபக்கம் தொளதொள. அதனால் ஒரு கயிற்றை இடப்பக்கம் இறுக்கினால் அடுத்ததை வலப்பக்கம் இறுக்க வேண்டும். வண்டி கிளம்பியதும் குலுக்கலில் இழுப்பு இரு பக்கமும் பரவும், சாமான் அமரும், நைலான் கொஞ்சம் நீளும், எல்லாம் சேர்ந்து கட்டு தளரும். ஓசூர் போகிறவர்கள் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி ஓரமாக நிறுத்தி ஒருமுறை இழுத்துக் கட்டினால் கிருஷ்ணகிரி வரைக்கும் கவலையில்லை. கிளம்பும்போது சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க மறக்காதவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, கயிற்றையும் பாருங்கள் என்கிறேன். அப்புறம், ஆடியில் வீடு மாற்றக்கூடாது என்று எல்லோரும் காத்திருந்து ஆவணி முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் வண்டி தேடும்போது, ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் இடையில் அவசர அவசரமாகத்தான் கட்டுவார்கள்.

விண்வெளிக்குச் செலவு செய்யாதே என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் பாலாற்றின் இரு கரையிலும் இத்தனை பொறியியல் கல்லூரி இருக்க, கடைசி ஆண்டு புராஜெக்ட் என்றால் எல்லோரும் ரோபோ செய்கிறார்கள். நம் லாரித் தளங்களில், நம் மண்ணும் தூசியும் படிந்த நிலையில், கோணிச்சாக்கு எவ்வளவு கெழு தரும், டயர் துண்டு எவ்வளவு தரும் என்று ஒரு சாய்பலகையை வைத்து அளந்து, தமிழில் ஒரு பக்க அட்டவணையாக லாரி ஷெட்டில் ஒட்டலாம். பலகையைச் சாய்த்துக்கொண்டே போய் சாமான் நகரும் கோணத்தைப் பார்த்தால் போதும், அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் கெழு. இதற்கு ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் டீ, பிஸ்கட் செலவைவிடக் குறைவு.

போகிற போக்கில் வாசகர் பிரிட்ஜைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தார். நிற்க வைத்தே கொண்டுபோங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும், திரும்பி வர நேரம் எடுக்கும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், புது வீட்டில் நிறுத்திச் சில மணி நேரம் விட்டுவிட்டு, பால் காய்ச்சி மிச்சமானது கெட்டுப்போகிறதே என்று வீட்டில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதுவரை சுவிட்சைப் போடாமல் இருங்கள்.