ஆர்மிஸ்டிஸ்: போர்நிறுத்தமா, சமாதானமா?

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று முடிந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அன்று கையெழுத்தான ஆவணம் சில நூல்களில் ‘சமாதான உடன்படிக்கை’ என்றும் பெயர் பெறுகிறது. அந்த ஆவணத்தின் உண்மைப் பெயர் ஆர்மிஸ்டிஸ். அச்சொல்லின் பொருளில் சமாதானத்துக்கு இடமில்லை.

பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் இச்சொல்லுக்கு மூலம் ‘ஆர்மிஸ்டிட்டியம்’ என்னும் பிற்கால இலத்தீன் வடிவம். ‘ஆர்மா’ என்பது படைக்கலங்களைக் குறிக்கும். பிற்பகுதி, நிற்றல் அல்லது நிறுத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. வடக்கிலோ தெற்கிலோ எல்லையைத் தொட்ட கதிரவன் திரும்புவதற்கு முன் சற்றே நின்றாற்போல் தோன்றும் நாளை ‘சோல்ஸ்டிட்டியம்’ என்பர். அதே அச்சில் வார்த்தெடுத்ததுதான் இந்தச் சொல்லும். கதிரவன் அங்கேயே நின்றுவிடுவதில்லை; அதைப் போலவே படைக்கலங்களும் நிலையாக நின்றுவிடும் என்று இச்சொல் உறுதி கூறவில்லை. ஜெர்மானியர் இதை ‘வாஃபென்ஷ்டில்ஷ்டாண்ட்’, அதாவது ஆயுதங்கள் அசைவற்று நிற்றல், என்பர்.

பொருள் எவ்வளவு குறுகியது என்பதை அந்த ஒரு நாளே காட்டுகிறது. பிரான்சின் கொம்பியேன் காட்டில் நின்ற இரயில் பெட்டி ஒன்றில், நேச நாடுகளின் தலைமைத் தளபதி ஃபோஷும் ஜெர்மானியத் தூதுக்குழுவின் தலைவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கரும் அதிகாலை 5 மணியைச் சற்றுக் கடந்து கையெழுத்திட்டனர். ஆனால் ஆணை போர்முனை முழுவதும் போய்ச்சேர வேண்டும் என்பதால் முற்பகல் 11 மணி முதலே அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்திலும் பீரங்கிகள் முழங்கின. அன்று ஒரே நாளில் மேற்குப் போர்முனையில் 2,700க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுவர். அமெரிக்க வீரர் ஹென்றி குந்தர் இயந்திரத் துப்பாக்கி நிலை ஒன்றை நோக்கி ஓடிச் சுடப்பட்டபோது மணி 10:59. அதே நாளில் ஆஸ்திரியப் பேரரசர் கார்ல், ஆட்சி அலுவல்களில் இனிப் பங்கேற்பதில்லை என்று அறிவித்தார். முடி துறக்கிறேன் என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தார். சொற்களை எடைபோட்டுப் பயன்படுத்திய நாள் அது என்று சொன்னால் மிகையாகாது.

ஆவணத்தின் கூறுகளும் இதையே சொல்கின்றன. அதன் ஆயுள் 36 நாள் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. பின்னர் மூன்று முறை நீட்டிக்கப்பட்டது. ஜெர்மனி 5,000 பீரங்கிகளையும் 5,000 இரயில் எஞ்சின்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்த அதே ஆவணம், அந்நாட்டின் மீதான கடல் முற்றுகை தொடரும் என்றும் கூறியது. முற்றுகை என்பது போர்ச்செயல். போர் முடிந்திருந்தால் அதற்கு வேலை ஏது? போர் நடத்தும் முறை பற்றிய 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், இவ்வகை உடன்பாடு இருதரப்பு ஒப்புதலால் போர் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கிறது என்றும், காலவரையறை இல்லையேல் உரிய முன்னறிவிப்புடன் மீண்டும் தொடங்கலாம் என்றும் வரையறுக்கின்றன. ஜெர்மனியுடனான போரைச் சட்டப்படி முடித்த வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது. 1920 ஜனவரி 10 அன்றே அது நடைமுறைக்கு வந்தது. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான இத்தகைய ஆவணத்துக்குப் பின் அமைதி உடன்படிக்கை இன்றுவரை வரவேயில்லை.

தமிழில் இதற்குப் ‘போர்நிறுத்தம்’ என்பது வழக்கு. நில், நிறுத்து என்னும் நம் வினைகள் இலத்தீன் வேருக்கு நன்கு பொருந்துகின்றன. ‘நிறுத்தம்’ என்பதில் மீண்டும் புறப்படும் குறிப்பும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் நின்ற வண்டி அங்கேயே தங்கிவிடுவதில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இலங்கையில் 2002 பிப்ரவரி 22 அன்று கையெழுத்தானதையும் போர்நிறுத்தம் என்றோம். ஆங்கிலத்தில் அது ‘சீஸ்ஃபயர்’. சில மணி நேரம் சுடுவதை நிறுத்துவதற்கும் செய்திகளில் ‘போர்நிறுத்தம்’ என்ற சொல்லே வருகிறது. ஆகவே சீஸ்ஃபயரைத் ‘தாக்குதல் நிறுத்தம்’ என்றும், சிறிது காலத்துக்கான ‘ட்ரூஸ்’ என்பதைப் ‘போர் ஓய்வு’ என்றும், விதிகளும் காலவரையும் எழுதிக் கையொப்பமிட்ட ஆர்மிஸ்டிஸைப் ‘போர்நிறுத்த உடன்படிக்கை’ என்றும் பிரித்தாளலாம் என்பது என் கருத்து. ‘சமாதானம்’, ‘அமைதி உடன்படிக்கை’ ஆகியவற்றை வெர்சாய் போன்றவற்றுக்கு விட்டுவிட வேண்டும். ‘சரணடைவு’ என்பதும் இங்குப் பொருந்தாது. அது 1945 மே மாதம் ஜெர்மனி ஒப்பமிட்ட ஆவணத்துக்கு உரியது.

நவம்பர் 11இன் பெயரை மொழிபெயர்க்கும்போதும் நாட்டைப் பார்த்தே எழுத வேண்டும். பிரான்சில் அது ‘போர்நிறுத்த நாள்’. அமெரிக்காவிலோ 1954 முதல் ‘முன்னாள் படைவீரர் நாள்’.