அறை சைஸ பாத்தாலே தெரியும் அந்த மரத்தட்டு எதுக்குன்னு

அமெரிக்காவுல இருக்கற என் தங்கச்சி அங்க ஒரு பழைய சாமான் சந்தையில மரத்தட்டு ஒண்ணு வாங்கி போட்டோ அனுப்பி, "அண்ணா, இது இந்த ஊரு அஞ்சறைப்பெட்டியா?"ன்னு கேட்டா. அகலம் ரெண்டேமுக்கால் அடி இருக்கும், ஆழம் ஒரு இஞ்ச்தான், எண்ணிப் பாத்தா உள்ள 89 அறை. விதை வெக்கறது, பட்டன் வெக்கறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்களாம்.

இந்த மாதிரி சாமானுல அறை எப்படி பிரிஞ்சிருக்குன்னுதான் மொதல்ல பாக்கணும். விதைக்கோ பட்டனுக்கோன்னா எல்லா அறையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கும். இதுல வலது பக்கம் மூணுல ஒரு பங்குதான் அப்படி, மிச்ச எடத்துல நடுவுல ஒரு பெரிய அறை, சுத்தி அதுல பாதி, கால்வாசின்னு கலந்து கெடக்கு. அது அந்தக் காலத்து அச்சாபீஸ்ல, ஒவ்வொண்ணா கோத்து அச்சடிக்கற ஈய எழுத்த போட்டு வெச்ச கேஸ், இந்த அமைப்புக்கு கலிஃபோர்னியா ஜாப் கேஸ்னு பேரு.

அந்தப் பெரிய அறை இங்கிலீஷ் 'ஈ' எழுத்துக்கு. நூறு எழுத்துல சுமார் 12 தடவ அதுதான் வரும், அதனால நெறய வேணும், கைக்கும் கிட்டயே இருக்கணும். 'இசட்' ஆயிரத்துல ஒண்ணு வந்தாலே பெருசு, அதுக்கு ஓரத்துல குட்டி அறை போதும். ஒரு மொழியில எது எவ்ளோ பொழங்குதுங்கறத தச்சன் மரத்துல வெட்டி வெச்ச மாதிரி இருக்கு பாருங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. தந்திக்கு மோர்ஸ் கோடு (புள்ளியும் கீத்துமா எழுத்த அனுப்பற குறியீடு) உருவாக்கினப்போ கூட அச்சகத்துல எந்த ஈய எழுத்து எவ்ளோ இருக்குன்னு எண்ணித்தான் கணக்கு எடுத்தாங்க, 'ஈ'க்கு ஒரே ஒரு புள்ளி அப்படி வந்ததுதான்.

வலது பக்கம் பெரிய எழுத்துங்க, அதாவது கேப்பிடல் லெட்டர். அதுல 'ஜே'யும் 'யூ'வும் 'இசட்'டுக்கு அப்புறம் உக்காந்திருக்கும், ஏன்னா அது ரெண்டும் தனி எழுத்தாகறதுக்கு முன்னாடியே அந்த வரிசை கைக்குப் பழகிடுச்சு. இப்படி ரெண்டும் ஒரே கேஸ்ல வர்றதுக்கு முன்னாடி பெரிய எழுத்துக்கு தனி கேஸ், அத மேல வெப்பாங்க, சின்ன எழுத்து கேஸ் கீழ, அப்பர் கேஸ் லோயர் கேஸ்னு நாம இன்னிக்கும் சொல்றது அதனாலதான். 'எஃப்'பும் 'ஐ'யும் ஒட்டின எழுத்துக்குன்னே ஒரு அறை உண்டு, தனித்தனியா அடுக்கினா 'எஃப்'போட வளைவு 'ஐ'யோட புள்ளியில இடிக்கும்.

நம்ம தமிழ் அச்சாபீஸ்ல எழுத்து கோத்த கம்பாசிட்டருக்கு கணக்கே வேறயா இருந்துச்சு. கொம்பு, கால் எல்லாம் தனித்தனி ஈயத்துண்டு, 'கொ' ஒண்ணு கோக்க மூணு துண்டு எடுக்க வேண்டியிருந்துச்சு, ஆனா 'கு', 'கூ' மாதிரி எழுத்தெல்லாம் முழுசாவே வார்த்திருப்பாங்க, அதனால அறையும் ரொம்ப ஜாஸ்தி வேண்டியிருந்துச்சு.

தங்கச்சி பையன் அதுல குட்டிக் கார் பொம்மையெல்லாம் அடுக்கணும்னு நிக்கறானாம். எழுத்து வார்க்கற உலோகத்துல ஈயம்தான் அதிகம், கூட ஆன்டிமனியும் வெள்ளீயமும், அறை மூலையில சாம்பல் கலர்ல படிஞ்சிருக்கறதுல அந்த ஈயத்தூசி இருக்கும், அது விஷம். ஊதாத, காஞ்ச பிரஷ் போடாத, கையுறை மாட்டிட்டு ஈரத்துணியால துடைச்சு வார்னிஷ் அடிச்சு பையன் கைக்கு எட்டாத ஒசரத்துல மாட்டுன்னு சொல்லியிருக்கேன்.